படித்துறைக் கல்லின் நிறம்

“செவுத்துக்கு மருந்து பூசுனா கண்ணு தெளிஞ்சிருமாட்டி? இதையா பள்ளிக்கூடத்துல ஒனக்குச் சொல்லித் தந்தாவ?”

அப்பா இதைக் கேட்டது முற்றத்தில் மாடுகளுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தபோது. கோபத்தில் கேட்டிருந்தால் நானும் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு கேட்டார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பத்தாம் வகுப்புத் தேறி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் நான் எதில் தவறினாலும், குழம்பில் உப்புக் கூடினால்கூட, பழி பள்ளிக்கூடத்தின் மேல்தான் விழும். அப்பா பொல்லாதவர் இல்லை. மகள் படித்ததில் அவருக்கு இருந்த பெருமை, கேலியாகத்தான் வெளியே வரும்.

நான் பூச நினைத்தது எங்கள் முன்னறையின் சுவர்களை. அது அம்மாவின் கண்ணுக்காக.

அம்மா நெல் அவித்துக் குத்தி அரிசி விற்பவள். உலக்கை போடுவதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம், கை பழகியிருந்தால் போதும். ஆனால் அரிசியை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்கக் கண் வேண்டும். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை மங்கிக்கொண்டே வந்தபோது, அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முறத்தை என் கையில் தந்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவும் நானும் அவளை வண்டியில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெய்யூருக்குப் போனோம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் எதற்கென்று கேட்பதில்லை. வலது கண்ணை அறுத்துச் சரியாக்கினார்கள். கனத்த கண்ணாடி ஒன்றும் தந்தார்கள். இடது கண்ணுக்கு மாசி பிறந்ததும் வரச் சொன்னார்கள். ரொம்பத் தள்ளிப் போடாதீர்கள் என்றும் சொன்னார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறதாம். இரணியல் தாண்டி ஒரு குளத்தின் கரையில் அப்பா மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார். நான் அம்மாவின் கையைப் பிடித்துப் படித்துறைக்கு இறக்கினேன். ஆலமரத்து நிழல். முந்தின நாள் பெய்த மழையில் படிக்கட்டெல்லாம் நனைந்து கிடந்தது. அங்கே அம்மா தலைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். படித்துறையின் பக்கச் சுவரில் இருந்த பழங்கல்லைப் பார்த்தபடி வெகுநேரம் அப்படியே நின்றாள். பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. பாசி ஏறி, காய்ந்து, மறுபடி ஏறி, மண்ணும் சேர்ந்து கறுத்த நிறம்.

“இந்தக் கல்லு கண்ணுக்கு இதமா இருக்கு மக்கா,” என்றாள். “இதுல ஒரு எறும்பு போகுது பாத்தியா?”

நான் குனிந்து பார்த்தேன். போய்க்கொண்டுதான் இருந்தது.

அந்த எறும்பை நம்பித்தான் நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். வீட்டில் என்ன காத்திருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசல் கிழக்கே பார்த்தது. முற்றம் முழுக்க வெள்ளை மணல். காலையில் வெயில் மணலில் விழுந்து வாசல் வழியாக உள்ளே பாயும். உள்ளே நான்கு பக்கமும் சிப்பிச் சுண்ணாம்பு அடித்த சுவர், நீலம் கலந்து அடித்த பளீர் வெள்ளை. அம்மா முன்னறையில் கால் வைத்ததும் “ஐயோ” என்று கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். கதவைச் சாத்தினோம். சன்னலுக்குச் சாக்கு கட்டினோம். இருட்டில் அவளுக்கு நோவு இல்லை. ஆனால் இருட்டில் உட்காருவதற்கா கண்ணை அறுத்துக்கொண்டு வந்தோம்? கண்ணாடி துணியில் சுற்றியபடி மாடத்தில் கிடந்தது.

கார்த்திகை போய் மார்கழியும் பிறந்தது. இடது கண்ணின் பேச்சை நான் எடுத்தபோதெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“ஒண்ணைத் தொறந்து வச்சுப் பட்ட பாடு போதும். மத்ததும் இப்படி எரிஞ்சா நான் எங்க போயி விழுவேன்? அது பாட்டுக்கு மூடட்டும்.”

திறந்த கண்ணால் அவளுக்கு ஒரு நல்ல நாள் வாய்க்காவிட்டால், அடுத்த கண்ணுக்கு அவள் இணங்கப் போவதில்லை. மாசிக்குள் அந்த நல்ல நாள் வர வேண்டும். அதனால்தான் சுவருக்கு நிறம் மாற்றுவதைப் பற்றிப் பேசினேன். அப்பா சிரித்ததும் அப்போதுதான்.

மார்கழி எங்கள் ஊரில் வெள்ளையடிக்கும் மாதம். பொங்கலுக்கு முன்னால் வீடு வெளுத்தாக வேண்டும். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பானையில் சுண்ணாம்பு கொதிக்கும் சத்தமும், ஈர மண்ணும் வெந்த கல்லும் கலந்ததுபோல ஒரு வாசனையும் இருக்கும். வயலில், மாசியில் அறுக்கிற கும்பப்பூப் பயிர் பால் பிடித்து நிற்கும். ஆட்கள் கையில் தென்னை மட்டையைத் தட்டிச் செய்த தூரிகையும், தலையில் வெள்ளைப் புள்ளிகளுமாகத் திரிவார்கள். இப்போது நான் வேலை பார்க்கும் ஊரில் டின்னில் பெயின்ட் வாங்கி அடிக்கிறார்கள். அந்த வாசனைக்கு ஒரு மாதமும் இல்லை, நாளும் இல்லை.

ஊர் முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருக்க, நான் எங்கள் முன்னறை வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தேங்காய்ச் சிரட்டை எடுத்து உட்காருவேன். சுண்ணாம்பு செதில் செதிலாக வரும். ஒவ்வொரு செதிலிலும் பழைய பொங்கல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. நீலம் தூக்கலாக ஒரு அடுக்கு வந்தது. அது அக்காவின் கல்யாணத்துக்கு அடித்தது. அதற்குக் கீழே, என் கை எட்டுகிற உயரத்துக்கும் தாழ, கரிக்கோடுகளாக ஒரு அடுக்கு. பள்ளியில் சேர்ந்த புதிதில் நான் சுவரெல்லாம் எழுதிவைத்த ‘ட’க்களும் ‘ப’க்களும். அதைச் சுரண்ட மனம் வரவில்லை. ஆனாலும் சுரண்டினேன்.

முதல் முயற்சிக்குப் பள்ளிக்கூடத்து வழியையே எடுத்தேன். எங்கள் பள்ளியில் கரும்பலகை வெளுத்துப் போனால், வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் வேலியில் படர்ந்த கோவை இலையும் அடுப்புக் கரியும் கொண்டுவந்து சேர்த்துக் கசக்கிப் பலகையில் தேய்ப்பார்கள். காய்ந்தால் நல்ல கறும்பச்சை. அதே நிறம் சுவருக்கும் வராதா? ஒரு கூடை கோவை இலை பறித்து, ஆட்டுக்கல்லில் கரியோடு சேர்த்து அரைத்து, துணியால் தோய்த்துத் தோய்த்து நான்கு சுவரிலும் தேய்த்தேன். கை முழங்கை வரை கறுப்பு. அறை முழுக்கப் பச்சிலை மணம். மாலையில் பார்த்தபோது படித்துறையையே தூக்கிவந்து வைத்த மாதிரி இருந்தது. அம்மாவை அழைத்துவந்து காட்டினேன். கண்ணைத் திறந்து, “கொள்ளாம்டீ” என்றாள். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டு அந்தச் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். எழுந்து, துண்டை அரையில் கட்டிக்கொண்டு, வெற்று முதுகோடு சாயாக்கடைக்குப் போனார். போன சூட்டில் திரும்பி வந்தார்.

“ஏட்டி, என் முதுகைப் பாரு.”

முதுகு முழுக்கக் கரி.

“கடையில அத்தனை பேரும் சிரிக்கான். ‘அண்ணாச்சி, மக சொல்லிக்கொடுக்க பலகை நீருதானா? திரும்பும், ஒரு ஆனா எழுதிப் பாப்போம்’ங்கான் ஒருத்தன். இன்னொருத்தன் சுண்ணாம்புக் கட்டியைத் தேடிட்டுப் போறான்!”

அம்மா அடுப்படி இருட்டில் இருந்துகொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆனால் விஷயம் சிரிப்போடு போகவில்லை. பலகைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை நிறம் நின்றால் போதும். சுவருக்குப் போதாது. வாசல் வழியே வெயில் விழுந்த சுவரில் சில நாளிலேயே இலைப்பச்சை செத்துவிட்டது. மிச்சம் நின்றது வெறும் கரி. தொட்டால் ஒட்டுகிற, அடுப்புக்கு மேலிருக்கிற புகைச்சுவர் மாதிரி ஒரு கறுப்பு. அம்மா அந்த அறைக்குள் வரவே மறுத்தாள். “கண்ணுக்கு நோவு இல்ல, மனசுக்கு நோவுது” என்றாள்.

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா சுண்ணாம்பு வாங்கி வந்து மூலையில் வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இலையின் பச்சை நிற்காது என்றால், நிற்கிற பச்சை எது? ஒரு நாள் வகுப்பில் பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வந்தது. நான் படிக்கும்போது திருவிதாங்கூர் படம் வரைந்து நிறம் தீட்டச் சொல்வார்கள். வண்ணப் பெட்டி வகுப்புக்கே ஒன்றுதான். பச்சை வில்லை முதலில் தீர்ந்துபோகும், ஏனென்றால் கிழக்கே முழுக்க மலைக்காடு. அப்போது மஞ்சளில் கறுப்பைத் தொட்டுக் குழைத்துக் காட்டை முடிப்போம். காடு என்னவோ அழுக்காகத்தான் தெரியும். அந்த அழுக்குதான் எனக்கு இப்போது வேண்டும். பசைக்கும் பள்ளிக்கூடம்தான் கைகொடுத்தது. புத்தகம் தைத்து அட்டை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சுவோம். அது காய்ந்தால் விரலில் ஒட்டாது.

சனிக்கிழமை கோட்டாற்றுக் கடைத்தெருவுக்குப் போனேன். சுண்ணாம்பில் கலக்குகிற காவியும் மஞ்சள் மண்ணும் விற்கும் கடை அங்கே உண்டு. கடைக்காரர் வயதான முஸ்லிம், பெரிய தாடி.

“கோயில் மதிலுக்கா பிள்ளே, இவ்வளவு மஞ்ச மண்ணு?”

“இல்ல, வீட்டுக்கு.”

“கல்யாணமா?”

“அம்மைக்குக் கண்ணு நோவு.”

அவர் தராசைப் பிடித்த கையோடு நிறுத்தினார். “கண்ணுக்கு மருந்து நாலு கடை தள்ளியில்லா இருக்கு! இதைக் கொண்டுபோயி கண்ணுல கிண்ணுல விட்டுராதம்மா!”

“கண்ணுக்கு விட இல்ல, கண்ணு பாக்கதுக்கு.”

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தாராளமாகவே நிறுத்துத் தந்தார். பொட்டலம் கட்டும்போது, “அல்லா சொகமாக்கி வைக்கட்டும்” என்றார்.

குளத்திலிருந்து சாம்பல் களிமண் எடுத்து ஊறவைத்து வடிகட்டினேன். அதில் மஞ்சள் மண், இடித்துச் சலித்த கரி, பசை. எவ்வளவுக்கு எவ்வளவு என்று தெரியாது. ஆகவே உடைந்த பானை ஓடுகளில் விதவிதமாகப் பூசி, வெயிலில் காயவைத்து, அம்மாவின் முன்னால் பரத்தினேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அதனால் காய்ந்த பிறகே காட்டினேன். அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நெய்யூரிலிருந்து வந்த பிறகு அவளாகக் கேட்டு அதை மாட்டியது அன்றுதான்.

அந்த மத்தியானத்தை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். சேலைக்கடையில் சேலை பார்ப்பவள்போல ஒவ்வொரு ஓடாக எடுத்து, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, தள்ளி வைத்தாள்.

“இது சேனைக்கிழங்கு.”

“இது?”

“எருமைக் கண்ணுக்குட்டி. எடுத்துட்டுப் போ.”

“இது எப்படி இருக்கு?”

“இது ஒங்க அப்பா வேட்டி, ஓணத்துக்குத் தொவைச்சது.”

முற்றத்திலிருந்து அப்பா, “எல்லாம் காதுல விழுது” என்றார்.

கடைசியில் ஒரு ஓட்டை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. விரலால் தடவினாள். “அண்ணைக்குப் பாத்தது இதுதான். ஆனா இது உச்சி வெயிலுல பாத்த கல்லு. நான் பாத்தது நனைஞ்ச கல்லுல்லா.”

இன்னும் கொஞ்சம் கரி சேர்த்தேன். இன்னும் கொஞ்சம் பசையும். காய்ந்தபோது அம்மா தலையை ஆட்டினாள்.

பொங்கலுக்கு முந்தின இரண்டு நாளும் பள்ளி விடுமுறை. முன்னறைச் சாமான்களையெல்லாம் முற்றத்துக்கு மாற்றினோம். பாய், தலையணை, அம்மாவின் பெட்டி, குத்துவிளக்கு, நெல் அவிக்கிற அண்டா எல்லாம் மணலில். கரியைக் கழுவி, இரண்டு பூச்சுப் பூசினேன். உயரத்துக்கு அப்பா பூசினார். கேட்காமலே வந்து தூரிகையை என் கையிலிருந்து வாங்கினார். “மேல எட்டாம நீ குதிச்சுக் குதிச்சுப் பூசுனா செவுரு அம்மைத் தழும்பு மாதிரில்லா இருக்கு” என்று அதற்கொரு காரணமும் சொன்னார்.

மறுநாள் காலை சுவர் காய்ந்திருந்தது. கையை வைத்துத் தேய்த்தேன், ஒட்டவில்லை. அம்மா உள்ளே வந்து, நடுவில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். கதவு அகலத் திறந்திருந்தது. வெயில் உள்ளே வந்தது. வந்து, சுவரில் பட்டு, அங்கேயே தங்கிவிட்டது. அம்மா கண்ணைச் சிமிட்டினாள். பொத்தவில்லை.

நான் சாமான்களை உள்ளே எடுக்கத் தொடங்கும் முன்பே தெருமுனையில் அத்தையின் தலை தெரிந்தது.

அத்தை அப்பாவின் தங்கை, கொட்டாரம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தது. அறுவை முடிந்த அம்மாவைப் பார்க்க ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்துகொண்டிருந்தாள். சாவு விழுந்த துட்டி வீட்டில் அந்த வருஷம் பொங்கல் இல்லை, ஆகவே வெள்ளையடிப்பும் இல்லை. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அத்தை நடந்து வந்த தெரு முழுக்க வீடுகள் புதுச் சுண்ணாம்பில் வெளுத்து நிற்கின்றன. எங்கள் வீட்டில் மட்டும், திறந்த கதவுக்குள்ளே, இருண்ட சுவர். முற்றத்து மணலில் அம்மாவின் பாயும் தலையணையும் சுருட்டிக் கிடக்கின்றன. கவிழ்த்த உரலின் மேல், வெயிலுக்காகத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அப்பா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

அத்தை பழத்தைக் கீழே போட்டாள். கொண்டையை அவிழ்த்தாள்.

“எம் மைனியே... எனக்கொரு வாக்குச் சொல்லாம போனியே... தாய் இல்லாத வீட்டுல எனக்குத் தாயா இருந்தியே...”

மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்து அப்பாவின் மேல் விழுந்தாள். அப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தலைவிரிகோலமாகத் தங்கை அழுதுகொண்டு வந்தால் அண்ணன் என்ன நினைப்பான்? கொட்டாரத்து மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் நினைத்தார்.

“எப்பமுட்டி நடந்தது? முந்தாநாளுகூட சந்தையில பாத்தேனே! நல்லால்லா இருந்தாரு!” என்று அவரும் குரலெடுத்தார்.

அண்ணன் அழுததும் அத்தைக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. அவள் குரல் இரண்டு மடங்காயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் சுண்ணாம்புக் கையோடு ஓடி வந்தார்கள். இரண்டு பேர் என்ன ஏது என்று கேட்காமலே கூட உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்க இடமே இல்லை.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்:

“ஏட்டி, எவ வீட்டுல துட்டி?”

அழுகை அப்படியே நின்றது. அம்மா எழுந்து வாசல் வரை வந்தாள். நிலைக்கு உள்ளேயே நின்று, சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அத்தையை உற்றுப் பார்த்தாள். அத்தை வாயைப் பிளந்தபடி மணலில் இருந்தாள்.

“கொட்டாரத்துக்காரியா! எதுக்குட்டி இப்படிக் கெடந்து கூவுத?” கொஞ்சம் குனிந்தாள். “காதுல என்ன, புதுக் கம்மலா? செவப்புக்கல்லா வச்சிருக்க?”

நான் அத்தையின் காதைப் பார்த்தேன். சின்னஞ்சிறு சிவப்புக்கல். எனக்கே அதுவரை கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு அந்தத் தெருவில் பொங்கல் முடிந்தும் ஓயவில்லை. கூட அழுத இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டிச் சிரித்தார்கள். மச்சான் உயிரோடு இருப்பது தெரிந்ததும் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழம் நசுங்கிவிட்டதா என்று பார்க்கப் போனார். அத்தைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வெட்கம் கோபமாகத் திரும்பி என்மேல் பாய்ந்தது.

“நாளைக்குப் பொங்கலு. சுமங்கலி இருக்கப்பட்ட வீட்டை துட்டி வீடு மாதிரி ஆக்கி வச்சிருக்காளே! படிச்சா இதெல்லாம் தெரியாமப் போயிருமா? அண்ணே, சுண்ணாம்பு இருக்கில்லா, இப்பமே கலக்கு. நாலு சாதிசனம் வரப்பட்ட எடம்.”

அப்பா மூலையிலிருந்த சுண்ணாம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஊராரின் பேச்சு அவரைத் தொட்டுவிட்டது என்று தெரிந்தது. எழுந்து பானையை எடுத்தார். ஒரு பூச்சு வெள்ளை போதும். நாளைக் காலை அம்மா மறுபடி அடுப்படி இருட்டுக்குப் போய்விடுவாள், கண்ணாடி மறுபடி துணிக்குள் போய்விடும். மாசி வந்து கதவைத் தட்டினாலும் அவள் எழுந்து வரமாட்டாள்.

“அத்தை, அந்தக் கம்மலை அம்மை பாத்தாளா இல்லியா?” என்றேன்.

அத்தையின் கை காதுக்குப் போயிற்று. அம்மா சொன்னாள்.

“சுண்ணாம்பைக் கலக்குங்க. வெளிச்செவுத்துக்கு அடிங்க, நல்லா பளிச்சுன்னு அடிங்க. தெருவுல போறவிய பாக்கட்டும். உள்செவுரு எனக்குள்ளது. அதுல யாரும் கை வைக்கப்பிடாது.”

அம்மா எங்கள் வீட்டில் எதையும் ‘எனக்குள்ளது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டிருக்கமாட்டார். பானையை வெளியே கொண்டுபோய் வைத்துச் சுண்ணாம்பை நீற்றத் தொடங்கினார். அத்தை கொஞ்ச நேரம் முணுமுணுத்தபடி இருந்தாள். வெயில் ஏறியதும் உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் காலை நீட்டினாள். சுவரைத் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டவில்லை. “உள்ளே சூடு இல்ல, என்ன?” என்று அம்மாவிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீடு வெளியே வெள்ளை, உள்ளே படித்துறை. வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சிலர் மூக்கைச் சுளித்தார்கள். சிலர் உட்கார்ந்தால் எழுந்திருக்கவில்லை. அந்தச் சுவரின் முன்னால் மனிதர்களின் முகம் நன்றாகத் தெரியும்; குத்துவிளக்கின் பித்தளை அதுவரை காட்டாத மஞ்சளைக் காட்டும்; அவித்த நெல்லை உள்ளே குவித்தால் பொன்னாகக் கிடக்கும். மழைக்காலத்தில் சுவரிலிருந்து மெல்லிய மண் வாசனை வரும். நான் வாடகைக்கு இருக்கும் இந்த வெள்ளை அறையில், விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கும்போது, எனக்கு நினைவு வருவது அந்த வாசனைதான்.

தை பாதி போனபோது அம்மா முறத்தைத் திருப்பிக் கேட்டாள். முன்னறையில், வாசலுக்கு நேராக, சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து கல் பொறுக்கினாள். முதலில் தடவித் தடவி. பிறகு பாட்டு ஒன்றை முனகிக்கொண்டு.

ஒரு மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்து, சத்தமில்லாமல் அவளுடைய இடப்பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை; களைப்பு. அவள் பாட்டை நிறுத்தவில்லை. பொறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் “அம்மா” என்றதும் தூக்கிவாரிப்போட்டு, முறம் சரிந்து, அரிசி மடியெல்லாம் கொட்டியது.

“எப்பமுட்டி வந்த?”

“அப்பமே வந்தேன்.”

அவள் அரிசியை அள்ளினாள். அள்ளி முடித்தும் முறத்தைக் கையில் எடுக்கவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் என்னைப் பார்த்தாள். என் முகம் இருந்த இடத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ தெரியவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“நீ மெலிஞ்சு போயிருக்க,” என்றாள்.

பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, “மத்தக் கண்ணுக்கு எப்பம் வரச் சொன்னாவ?” என்று கேட்டாள்.

முற்றத்தில் வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“மாசி பிறந்து முதல் திங்கக்கெழமை,” என்றேன். அவள் கேட்பதற்கு முந்தின சனிக்கிழமையே, கோட்டாற்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நெய்யூருக்கு பஸ் ஏறி, அம்மாவின் பேரைக் கொடுத்து, நாள் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.